இடுப்புக்குழிக்குள் ரோபோ: மலக்குடல் புற்றுநோய் அறுவையில் எது மாறுகிறது, எது மாறாது

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த வட்டாரத்தில் புற்றுநோய் என்று சந்தேகம் எழுந்ததுமே வாயில் வரும் பெயர் ஆர்.சி.சி.தான்: திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் ஏறக்குறைய 70. மாநிலம் வேறென்றாலும் பக்கத்து ஆஸ்பத்திரி அதுதான். அங்கே 2024 ஜனவரியில் ரோபோ அறுவைப் பிரிவைத் திறந்தார்கள். தமிழ்நாட்டு அரசுத் துறையில், சென்னை ஓமந்தூரார் தோட்டத்துப் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனைக்கு 2022-லேயே ரோபோ வந்துவிட்டது. தனியார் மருத்துவமனை விளம்பரத் தட்டிகளிலும் இப்போது எந்திரக் கைகளின் படம்தான். அதனால், மலக்குடலில் இருப்பது புற்றுதான் என்று பயாப்சி முடிவு வந்த வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி: “ரோபோவில செய்யலாமா?”

கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் ஐந்தாவதாக. கட்டி ஆசனவாயிலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது? மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறையின் விளிம்பை அது எட்டிவிட்டதா? அறுவைக்கு முன் கதிர்வீச்சு வேண்டுமா? கத்தி பிடிக்கப்போகிறவர் இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார்? இந்த நான்குக்கும் பதில் தெரிந்த பிறகுதான், ரோபோ அவசியமா ஆடம்பரமா என்று பேசவே முடியும்.

குறுகலான குழி

பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவு மலக்குடல். மேலே வயிற்றுக்குள் இருக்கும் குடலில் கட்டி வந்தால் இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு வெட்டி எடுக்கலாம். மலக்குடலில் அந்தத் தாராளம் கிடையாது. பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு. முன்னால் ஆணுக்குச் சிறுநீர்ப்பை, விந்துப்பைகள், புராஸ்டேட். பெண்ணுக்குக் கருப்பை, பிறப்புறுப்பின் பின்சுவர். கீழே மலத்தை அடக்கி வைக்கும் சுருக்குத் தசைகள். இத்தனைக்கும் நடுவே, சிறுநீர் கழிப்பதையும் ஆண் குறி விறைப்பையும் கட்டுப்படுத்தும் மெல்லிய நரம்புகள் இரு பக்கமும் ஓடுகின்றன. சில மில்லிமீட்டர் வெளியே விலகினால் நரம்பு போச்சு. உள்ளே விலகினால் புற்று மிச்சம்.

1908-இல் லண்டனின் எர்னஸ்ட் மைல்ஸ், வயிற்று வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் சேர்த்து மலக்குடலை மொத்தமாக அகற்றும் அறுவையை விவரித்தார். மலம் சேர வயிற்றில் ஒட்டும் பையோடு நிரந்தரமாக வாழ வேண்டும். ஆனாலும் அதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். அடுத்த எழுபது ஆண்டுகளில் தையல் கருவிகள் வந்தன, மயக்க மருந்து மேம்பட்டது. ஆனால் இடுப்புக்குள் புற்று திரும்ப முளைப்பது மட்டும் பல இடங்களில் ஐந்தில் ஒருவருக்கு, அதற்கும் மேலே என்று நீடித்தது. காரணத்தை 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரைச் சேர்ந்த பில் ஹீல்ட் சுட்டிக்காட்டினார். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு, ரத்தக் குழாய், நிணக்கணு எல்லாம் அடங்கிய ஓர் உறை உண்டு, மீசோரெக்டம் என்பார்கள். அதற்கும் வெளிச் சுவருக்கும் இடையே ரத்தமே இல்லாத, சிலந்தி வலை போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதுவரை பலரும் கையை விட்டுப் பிய்த்து எடுத்ததில் உறை கிழிந்து, கொழுப்புக்குள் இருந்த புற்றுத் துணுக்குகள் உள்ளேயே தங்கின. ஹீல்ட் சொன்னது, கண்ணால் பார்த்துக்கொண்டே கூர்மையான கருவியால் அந்தப் படலத்திலேயே பிரித்து வர வேண்டும் என்பதுதான். நுங்கை அதன் தோல் கிழியாமல் ஓட்டிலிருந்து முழுதாக எடுப்பதுபோல. இப்படிச் செய்த இடங்களில் புற்று மீள்வது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

உறை முழுதாக வந்ததா என்று சோதிப்பது நோயியல் நிபுணரின் வேலை. லீட்ஸ் நகரத்தின் பில் குவர்க் 1986-இல் காட்டிய முறை இன்றும் நடப்பில் இருக்கிறது: வெளிப்பரப்பில் மை பூசி, மாதிரியைக் குறுக்குத் துண்டுகளாக வெட்டி, புற்றுக்கும் மை பூசிய விளிம்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ என்றால் சுற்று விளிம்பில் புற்று இருப்பதாகக் கணக்கு. அறுவை வயிற்றைத் திறந்து செய்ததா, சிறு துளைகள் வழியே கேமராவோடு செய்யும் லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா என்பதைவிட இந்த ஒரு எண் நோயாளியின் அடுத்த ஐந்தாண்டைப் பற்றி அதிகம் சொல்லும்.

கத்திக்கு முன்

மலத்தில் ரத்தம் என்றால் எல்லாருக்கும் முதலில் மூலம்தான் நினைவுக்கு வரும். பேருந்து நிலையச் சுவர்களில் “மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்” என்ற விளம்பரம் எல்லையின் இரு பக்கமும் உண்டு. அங்கே போய் ஆறு மாதம் லேகியமும் களிம்புமாகக் கழித்துவிட்டு வருகிறவர்கள் பலர். இத்தனைக்கும் மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை மருத்துவரின் விரலுக்கு எட்டும் தூரத்திலேயே, 7–8 சென்டிமீட்டருக்குள், இருக்கின்றன. கையுறை மாட்டி விரல் விட்டுப் பார்க்க அரை நிமிடம். அதைச் செய்யாமல் மூலத்துக்கு மருந்து எழுதுகிறவர் யாராக இருந்தாலும், வேறு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. மலம் கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, மலம் மெலிந்து வருவது, சளியோடு ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை ஆகியவை வயது 35 ஆனாலும் குடல் உள்நோக்கி சோதனைக்கு உரியவை.

பயாப்சி எடுத்ததும் அதே துண்டில் எம்.எம்.ஆர். சோதனையும் கேட்க வேண்டும். நூறு மலக்குடல் புற்றுகளில் ஐந்து முதல் பத்து வரை, மரபணுப் பழுதுநீக்கப் புரதம் குறைபட்ட வகை. அமெரிக்காவின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2022-இல் வெளியிட்ட முடிவில், இந்த வகைப் புற்றோடு வந்து டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து மட்டும் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது. கதிர்வீச்சும் இல்லை, அறுவையும் இல்லை. மருந்தின் விலை இங்கே பெரும்பாலோருக்கு எட்டாதது என்பது வேறு விஷயம். ஆனால் இன்ன வகை என்று தெரியாமலே ரோபோ மேசையில் ஏறிவிடக் கூடாது.

அடுத்தது இடுப்பு எம்.ஆர்.ஐ. சும்மா “இடுப்பு ஸ்கேன்” போதாது. கட்டியின் நீள அச்சுக்குச் செங்குத்தாக 3 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்த மலக்குடல் எம்.ஆர்.ஐ. வேண்டும். அறிக்கையில் நான்கு தகவல் இருக்கிறதா என்று பாருங்கள்: கட்டியின் கீழ் விளிம்பு ஆசனவாயிலிலிருந்து எவ்வளவு தூரம், உறையின் விளிம்புக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், ரத்தக் குழாய்க்குள் புற்று நுழைந்திருக்கிறதா, பக்கவாட்டு நிணக்கணுக்கள் பெருத்திருக்கின்றனவா. நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புற்று அடையாளப் புரதத்தின் அளவு ஆகியவையும் சேரும். நாகர்கோவிலில் எடுத்த எம்.ஆர்.ஐ.யை ஆர்.சி.சி.யிலோ மதுரையிலோ மறுபடி எடுக்கச் சொன்னால் எரிச்சல் வரும். பெரும்பாலும் காரணம் அச்சு தவறிய படம்தான். எடுக்கும்போதே “மலக்குடல் புற்றுக்கான எம்.ஆர்.ஐ.” என்று சீட்டில் எழுதி வாங்கினால் இரட்டைச் செலவு மிச்சம். ஃபிலிம் மட்டும் போதாது, குறுந்தட்டில் மூலப் படங்களும் வேண்டும்.

உறையின் விளிம்பைக் கட்டி எட்டியிருந்தாலோ, நிணக்கணு பெருத்திருந்தாலோ முதலில் கதிர்வீச்சு. இதில் இரண்டு வழி. நீண்ட முறையில் 45 முதல் 50.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை, 25 முதல் 28 தவணைகளாக, வாரம் ஐந்து நாள். கூடவே கேபசிட்டபைன் என்ற கீமோ மாத்திரை. குறுகிய முறையில் நாளுக்கு 5 கிரே வீதம் ஐந்தே நாள். தென்காசியிலிருந்தோ செங்கோட்டையிலிருந்தோ ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் வருகிறவருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமில்லை: ஒன்றில் ஐந்தாறு வாரம் லாட்ஜ் வாடகை, துணைக்கு இருப்பவரின் கூலி இழப்பு, மற்றதில் ஒரு வாரம். ஆனால் வசதிக்காக மட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. மிகக் கீழே, சுருக்குத் தசையை ஒட்டிய கட்டியைச் சுருக்க வேண்டும் என்றால் நீண்ட முறையை விரும்புகிற மருத்துவர்கள் உண்டு. இப்போது பல இடங்களில் கீமோவையும் அறுவைக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சிலருக்குக் கட்டி கண்ணுக்கும் விரலுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் தெரியாமல் போய்விடும். அவர்களை அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா 2004-இல் வெளியிட்ட முடிவுகள் காட்டின. முதலில் எதிர்ப்பு, இன்று ஏற்கப்பட்ட வழி. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் சோதனைக்கு வர வேண்டும். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவரும், ரப்பர் வெட்டுக்குப் பருவம் பார்த்து ஊர் மாறுகிறவரும் அப்படி வர முடியுமா என்று நேராகப் பேசிவிட வேண்டும். வர முடியாது என்றால் அறுவைதான் பாதுகாப்பு.

எந்திரம் என்ன செய்கிறது

ரோபோ தானாக அறுப்பதில்லை. மருத்துவர் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, கன்சோலில் உட்கார்ந்து இரு கை விரல்களாலும் இயக்குகிறார். அசைவை நோயாளி மேல் நிற்கும் எந்திரக் கைகள் நகலெடுக்கின்றன. அமெரிக்காவின் இன்ட்யூட்டிவ் நிறுவனத்தின் டாவின்சி 2000-இல் அந்நாட்டு ஒப்புதல் பெற்றது, அதன் எக்ஸ்.ஐ. வகை 2014-இல் வந்தது. இந்தியாவில் உருவான எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா, மெட்ரானிக்கின் ஹியூகோ, பிரிட்டனின் வெர்சியஸ் ஆகியவையும் இப்போது களத்தில் உள்ளன.

சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவி நீண்ட கம்பி. நுனி திறக்கும், மூடும், சுழலும், அவ்வளவுதான். ஆழத்தில் புராஸ்டேட்டின் பின்னால் கோணம் திரும்ப வேண்டிய இடத்தில் கம்பி எலும்பில் முட்டி நிற்கும். ரோபோக் கருவியின் நுனிக்கு மணிக்கட்டு உண்டு. முப்பரிமாணக் காட்சி பத்து மடங்குவரை பெரிதாகும். கை நடுக்கம் வடிகட்டப்படும். மருத்துவரின் கை 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் நுனி 1 சென்டிமீட்டர் நகரும்படி அமைக்கலாம். கேமரா உதவியாளர் கையில் ஆடாமல் மருத்துவர் கட்டுப்பாட்டிலேயே நிற்கும். மூன்றாவது கையால் மலக்குடலைப் பிடித்து மணிக்கணக்கில் அசையாமல் வைத்திருக்கலாம். மனித உதவியாளருக்கு அரை மணியில் தோள் கடுத்துவிடும்.

இது யாருக்குப் பயன்? குறுகிய இடுப்புள்ள ஆண், பருமனானவர், 7–8 சென்டிமீட்டருக்குக் கீழே, குறிப்பாக முன்சுவரில் கட்டி உள்ளவர், கதிர்வீச்சால் திசு கெட்டிப்பட்டவர். அகன்ற இடுப்புள்ள ஒல்லியான பெண்ணுக்கு 12 சென்டிமீட்டரில் கட்டி என்றால், கைதேர்ந்தவர் லேப்ராஸ்கோப்பியிலேயே அதே தரத்தில் செய்துவிடுவார். அங்கே ரோபோவுக்குத் தனியாகக் கடன் வாங்குவது வீண்.

மேசையில்

நோயாளியைக் கால் விரித்த நிலையில் படுக்கவைத்து, நழுவாத மெத்தையில் தோள் பட்டியோடு கட்டுகிறார்கள். மேசை தலைப்பக்கம் 25–30 பாகை சாய்ந்து, வலப்பக்கமும் சரியும். அப்போதுதான் சிறுகுடல் மேலே வழுக்கி இடுப்பு காலியாகும். கரியமில வாயு நிரப்பிய பிறகு, வலது இடுப்பெலும்பு முனையிலிருந்து இடது விலா நோக்கிச் சாய்வான கோட்டில், 6 முதல் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் 8 மில்லிமீட்டர் போர்ட் (கருவி நுழையும் குழாய்) நான்கு. உதவியாளருக்கு வலப்பக்கம் ஒன்று, 12 மில்லிமீட்டர். இந்த இடைவெளியில் கஞ்சத்தனம் காட்டினால் நடுவழியில் எந்திரக் கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ரோபோ அறுவை நீண்டுபோவதற்கு இதுவும் ஒரு சாதாரணக் காரணம்.

முதலில் கீழ்க் குடல் தமனியைத் தூக்கிப் பிரித்து, மகாதமனியிலிருந்து 1 முதல் 2 சென்டிமீட்டர் விட்டுக் கிளிப் போடுகிறார்கள். ஒட்டவே வெட்டினால் அங்கே வலையாகப் படர்ந்திருக்கும் நரம்பு சேதமாகும். ஆணுக்கு விந்து வெளிப்படாமல் போகும். அடுத்து, இடது சிறுநீர்க்குழாயைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் வெட்டக் கூடாது. கணையத்தின் கீழ் விளிம்பில் சிரையை வெட்டி, மண்ணீரல் வளைவை விடுவித்தால்தான் குடல் இழுவையில்லாமல் இடுப்புக்கு இறங்கும். அவசரத்தில் இந்த வளைவைத் தொடாமல் விட்டு, கடைசியில் குடல் எட்டாமல் இழுத்து வைத்துத் தைத்தால் கசிவு தேடி வரும்.

பிறகுதான் உறைப் பிரிப்பு. பின்புறம் முதலில்: திரிக எலும்பின் மேட்டில் நரம்புகளை வெளிப்பக்கம் ஒதுக்கி, அந்தப் படலத்தில் இறங்க வேண்டும். எலும்போடு ஒட்டிப் போனால் அதன் முன்னுள்ள சிரைகள் கிழிந்து ரத்தம் பொங்கும்; அந்தக் குழியில் அதை நிறுத்துவது பெரும்பாடு. பஞ்சுத்துணி திணித்து அழுத்திப் பிடித்துக் காத்திருப்பதே முதல் மருந்து. மின்கருவியால் சுட்டுக்கொண்டே இருந்தால் கிழிசல்தான் பெரிதாகும். பின்புறம் முடிந்து பக்கங்கள், கடைசியில் முன்புறம். விந்துப்பைகளுக்கும் மலக்குடலுக்கும் நடுவேயுள்ள டெனான்வில்லியே படலத்தை, கட்டி முன்சுவரில் இருந்தால் மாதிரியோடு சேர்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் காத்து நரம்பைக் காப்பாற்றலாம். ரோபோவின் மணிக்கட்டு தன் விலையை ஈடுகட்டுவது ஏறக்குறைய இந்த 5 சென்டிமீட்டரில்தான்.

கட்டிக்குக் கீழே பொதுவாக 2 சென்டிமீட்டர், மிகக் கீழே உள்ள கட்டியில் 1 சென்டிமீட்டர் நல்ல குடல் விட்டு, வெட்டும்போதே தைத்துவிடும் ஸ்டேப்ளரால் வெட்டுகிறார்கள். ஒரே வெட்டில், அதிகம் போனால் இரண்டில் முடிய வேண்டும். மூன்று நான்கு என்று ஏறினால் கோடுகள் குறுக்கிடும் இடங்களில் கசிவு அபாயம் ஏறும். அடிவயிற்றில் சிறு கீறல், விளிம்பில் பாதுகாப்பு வளையம், அதன் வழியே மாதிரி வெளியே. மேல் குடலுக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் சிரையில் செலுத்தினால், எந்திரத்தின் அகச்சிவப்பு கேமராவில் உயிருள்ள பகுதி பச்சையாக ஒளிரும். ஒளிரும் இடத்தில் வெட்டி, ஆசனவாய் வழியே வட்ட ஸ்டேப்ளரை ஏற்றி இணைக்கிறார்கள். கருவிக்குள் வெட்டுப்பட்டு வரும் இரண்டு குடல் வளையமும் முழுதாக இருக்க வேண்டும். இடுப்பில் நீர் நிரப்பி, கீழிருந்து காற்று செலுத்தினால் குமிழி வரக் கூடாது.

எங்கே தவறும்

பெரும்பாலான ரோபோக்களில் தொடு உணர்ச்சி இல்லை. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதைத் திசு வெளிறுவதையும் இழுபடுவதையும் பார்த்தே ஊகிக்க வேண்டும். புதியவர் கையில் குடல் கிழிவது இதனால்தான். டாவின்சியின் 2024 வகை போன்ற சிலவற்றில் மட்டும் விசையை உணர்த்தும் கருவிகள் வந்திருக்கின்றன. கேமராவின் பார்வைக்கு வெளியே நிற்கும் கருவி சத்தமில்லாமல் சிறுகுடலைக் குத்தும். கைகள் போர்ட்டில் பூட்டியிருக்கும்போது, எந்திரத்தோடு இணைக்கப்படாத மேசையை யாராவது அசைத்தால் வயிற்றுச் சுவரே கிழியும். பெரிய ரத்தக்கசிவு வந்தால் கைகளைக் கழற்றி வயிற்றைத் திறக்க ஓரிரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நர்ஸ் உட்பட முழுக் குழுவும் அதை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். நான்கைந்து மணி நேரம் தலைகீழ்ச் சாய்வு என்பதால் முகம் வீங்கும், கண் அழுத்தம் ஏறும். கிளாக்கோமா உள்ளவர் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இணைப்பில் கசிவு, எந்த முறையில் செய்தாலும், நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல், நாடி வேகம், வயிறு உப்பல் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரோபோ இதைப் பெரிதாகக் குறைத்ததாகச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். புகைப்பதை நான்கு வாரம் முன்பே நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் அதைவிட மலிவான பாதுகாப்பு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

2017-இல் வெளியான ரோலார் ஆய்வு 10 நாடுகளில் 471 பேரை லேப்ராஸ்கோப்பிக்கும் ரோபோவுக்குமாகக் குலுக்கிப் பிரித்தது. நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது லேப்ராஸ்கோப்பியில் 12.2 விழுக்காடு, ரோபோவில் 8.1. புள்ளிவிவரப்படி இது வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. ஆண்களை மட்டும் பார்த்தால் ரோபோ பக்கம் சாய்வு தெரிந்தது. பங்கெடுத்த மருத்துவர்கள் பலருக்கு லேப்ராஸ்கோப்பி பழகிய கை, ரோபோ புதிய கை என்ற குறையும் இருந்தது.

சீனாவின் 11 மருத்துவமனைகளில் நடந்த ரியல் ஆய்வு அதைத் தாண்டிப் போனது. நடு, கீழ் மலக்குடல் கட்டியுள்ள 1240 பேர். அனுபவம் முதிர்ந்த மருத்துவர்கள் மட்டும். 2022-இல் வந்த முதல் முடிவில், விளிம்பில் புற்று மிஞ்சியது ரோபோவில் 4.0 விழுக்காடு, லேப்ராஸ்கோப்பியில் 7.2. ஆசனவாயையே எடுத்து நிரந்தரப் பை வைக்க வேண்டி வந்தது 16.9-க்கு 22.7. 2025-இல் மூன்றாண்டு முடிவு: இடுப்பில் புற்று மீண்டது 1.6-க்கு 4.0. மொத்தத்தில் உயிரோடு இருப்பவர் எண்ணிக்கையில் இதுவரை குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த எண்கள் எந்திரத்துக்கு மட்டும் உரியவையல்ல. எந்திரமும் கைதேர்ந்த மருத்துவரும் சேர்ந்தபோது கிடைத்தவை. ரோபோ மலக்குடல் அறுவையில் கை படிவதற்கு 20 முதல் 50 அறுவைகள் ஆகும் என்று பல கணக்குகள் சொல்கின்றன. ஆகவே “இங்கே ரோபோ இருக்கிறதா” என்பதற்குப் பதில், “சார், நீங்க இதுவரை மலக்குடலுக்கு எத்தனை ரோபோ கேஸ் செய்திருக்கீங்க, விளிம்பு எத்தனை பேருக்குச் சுத்தமா வந்தது?” என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்காதவரிடம் போகலாம்.

பை

எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்பது: பை வருமா? கீழே இணைப்புப் போட்டவருக்குப் பெரும்பாலும் தற்காலிகமாகச் சிறுகுடல் வளையத்தை வயிற்றில் திறந்து பை வைப்பார்கள். கசிவு வந்தாலும் உயிருக்கு ஆபத்தாகாமல் காக்க. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மூடுவது வழக்கம், கீமோ நடுவில் இருந்தால் தள்ளிப்போகும். சுருக்குத் தசைக்குள்ளேயே புற்று போயிருந்தால் பை நிரந்தரம். ரோபோவாலும் அதை மாற்ற முடியாது.

பைக்கான இடத்தை அறுவைக்கு முந்தைய நாளே பேனாவால் குறிக்க வேண்டும், அதுவும் நோயாளியைப் படுக்க, உட்கார, நிற்க, குனிய வைத்துப் பார்த்து. சாரம் (கைலி) கட்டுகிறவருக்கு மடிப்பு விழும் கோடு, சேலை கட்டுகிறவருக்குப் பாவாடை நாடா இறுகும் கோடு, இரண்டையும் விலக்கிக் குறிக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி கவுனில் படுத்திருக்கும்போது சரியாகத் தோன்றிய இடம், வீட்டில் சாரம் கட்டியதும் முடிச்சுக்கடியில் போய், பையைத் தோலில் ஒட்டும் தட்டு தினமும் பெயர்ந்துவிடும். தட்டின் துளையைத் திறப்பைவிட 2–3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதானால் சுற்றித் தோல் புண்ணாகும். முதல் ஆறு வாரத்தில் திறப்பு சுருங்கும் என்பதால் வாரந்தோறும் அளந்து வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்யலாம்.

சிறுகுடல் பையில் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் அபாயம். தாகம் எடுக்கிறது என்று வெறும் தண்ணீராகக் குடித்தால் வெளியேற்றம் கூடும். உப்பும் சேர்ந்து போய்ச் சிறுநீரகம் பாதிக்கும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்., சாப்பாட்டுக்கு அரை மணி முன் வெளியேற்றத்தைக் குறைக்கும் லோபெரமைடு மருத்துவர் சொன்ன அளவு என்பது முதல் வரிசை. மூத்திரம் குறைந்து கால் தசை பிடித்து இழுத்தால் திருவனந்தபுரம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே சிரை வழி நீர் ஏற்றலாம். சோறு, மரச்சீனிக் கிழங்கு, ஏத்தம்பழம் வெளியேற்றத்தைக் கெட்டிப்படுத்தும். முதல் ஆறு வாரம் சக்கைச் சுளை (பலா), அன்னாசி, முருங்கைச் சக்கை, காளான் வேண்டாம். நார் திரண்டு திறப்பை அடைக்கும். இந்த ஊர்ச் சமையலில் எதிலும் தேங்காய்த் துருவல் இருக்கும். அதையும் அந்த நாள்களில் அரைத்துப் பால் பிழிந்து மட்டும் சேர்க்கலாம்.

பை மூடிய பிறகு எல்லாம் பழையபடி என்று நினைக்க வேண்டாம். மலம் சேர்த்து வைக்கும் அறையே போய்விட்டதால் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை ஓட வேண்டி வரும், திடீரென்று முட்டும், காற்றா மலமா என்று தெரியாது. ஓராண்டில் பெரும்பாலும் தணியும். முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, நாருணவில் அளவு, பயணத்துக்கு முன் மாத்திரை, கீழ்வழி நீர் கழுவல் என்று படிப்படியாகச் செய்ய நிறைய உண்டு. விறைப்புக் குறைவும் அப்படித்தான். வெட்கப்பட்டு மறைத்தால் மருந்தால் தீரக்கூடியதும் தீராமல் போகும்.

அட்டையும் கட்டணமும்

எல்லையில் வாழ்கிறவருக்குத் தனிச் சிக்கல், அட்டை. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா, தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடு, இரண்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இரண்டும் அந்தந்த மாநிலத்தவருக்கு. வீடு களியக்காவிளையில், ரேஷன் அட்டை தமிழ்நாட்டில், ஆஸ்பத்திரி கேரளத்தில் என்றால் எந்த அட்டை அங்கே செல்லும் என்பதை, பதிவு செய்யும் அன்றே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு உறுதி செய்துவிட வேண்டும். அறுவைக்கு ஒப்புதல் வந்தாலும் ரோபோவுக்கான கூடுதல் கட்டணம் அதில் அடங்குமா என்பது தனிக் கேள்வி. தனியார் காப்பீட்டில் ரோபோ அறுவையை ஒரேயடியாக விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் விதி கொண்டுவந்தது. உச்சவரம்பு வைக்க மட்டும் அந்த விதி இடம் கொடுத்தது. உங்கள் பாலிசியில் ரோபோ பற்றிய வரியைத் தேடிப் பாருங்கள். கட்டணம் ஏறுவதற்குக் காரணம் எந்திரத்தின் விலை மட்டுமல்ல: கருவி நுனி ஒவ்வொன்றும் 10 முதல் 18 முறை வரைதான், அதற்குள்ளிருக்கும் சில்லு எண்ணிக்கொண்டே வந்து, முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளும்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக் குறிப்பின் நகலும், நோயியல் அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். நோயியல் அறிக்கையில் சுற்று விளிம்பு எத்தனை மில்லிமீட்டர், உறை முழுமையா கிழிந்ததா, நிணக்கணு குறைந்தது 12 பார்த்தார்களா என்ற மூன்றையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ., பிறகு ஐந்தாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுதோறும் சி.டி.; ஓராண்டு முடியும்போது ஒரு குடல் உள்நோக்கி சோதனை. சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனைக்காக எல்லை தாண்ட வேண்டியதில்லை. ஆனால் எப்போதும் ஒரே லேபில் எடுங்கள்; லேபுக்கு லேப் முறை மாறுவதால் எண் ஏறியதுபோலத் தோன்றி வீடே கலங்கும்.